நாய்க்கும் வரும் மறதி நோய்

நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைச் சொல்வது நம்மவர் வழக்கம். நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பிலே தைத்து நிற்கும்போதும் நாய் வாலைக் குழைத்து நிற்கும் என்பது நாலடியார் கூறும் கருத்து. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி இது. நாயின் நன்றியைப் பற்றியும் மோப்பத் திறனைப் பற்றியும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதன் முதுமையைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வளவைக் காத்து, பிள்ளைகளோடு ஓடி விளையாடி, படலையிலே காலடி கேட்ட மாத்திரத்தில் வந்தவர் வீட்டாரா அயலாரா என்று பிரித்தறிந்த பிராணி, ஒருநாள் தன் எசமானையே நோக்கிக் குரைக்குமாயின் அதற்குக் காரணம் யாது?

இக்கேள்விக்கு நம் வீடுகளிலே இரண்டு விடைகள் கிடைக்கும். "அதற்குக் கொழுப்புக் கூடிவிட்டது, இரண்டு அடி போட்டால் சரிவரும்" என்பது ஒன்று. "வயது போய்விட்டது, இனி அப்படித்தான்" என்பது மற்றது. முதலாவது விடை நோயைக் குற்றமாகக் கொள்கிறது. இரண்டாவது அதனை விதியென்று கைவிடுகிறது. இரண்டுமே பிழையானவை என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்றுவரும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. முதிய நாய்களின் மூளையிலே மெல்ல மெல்லப் பரவும் ஒரு நோய் உண்டு. மிருக வைத்தியர்கள் அதனை அறிவாற்றல் குறைபாட்டு நோய் என்பர். எளிமை கருதி நாம் மறதி நோய் என்றே குறிப்பிடுவோம்.

எப்போது முதுமை?

நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டுக்குச் சமம் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சற்றுச் சிந்தித்தால் இக்கணக்குப் பொருந்தாமை விளங்கும். ஒரு வயது நிரம்பிய நாய் குட்டி போடும் பருவத்தை அடைந்துவிடும். ஏழு வயதுக் குழந்தையோ இரண்டாம் வகுப்பிலே இருக்கும். 2020ஆம் ஆண்டிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்து ஆராய்ச்சியாளர், மரபணுப் பொருளின்மீது காலம் பதித்துச் செல்லும் இரசாயன அடையாளங்களை லாப்ரடோர் இன நாய்களிலும் மனிதரிலும் ஒப்பிட்டு வேறொரு கணக்கை வெளியிட்டனர். அதன்படி ஒரு வயது லாப்ரடோர் ஏறத்தாழ 30 வயது மனிதரை ஒக்கும். நான்கு வயதிலே ஐம்பதைக் கடந்துவிடும். 12 வயதிலே 70 வயது முதியவருக்கு நிகராகும். இளமையிலே விரைந்தோடும் காலம் பின்னர் மெதுவாக நடக்கின்றது.

எல்லா இனங்களுக்கும் இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்பதில்லை. பேருடல் கொண்ட இனங்கள் விரைவில் மூப்படையும். சிற்றுடல் கொண்டவை நெடுநாள் வாழும். ஆயினும் எட்டு வயதைக் கடந்த நாயை முதுமையின் வாயிலிலே நிற்பதாகக் கருதி, அதன் போக்கைக் கவனித்துவருதல் நன்று.

வீட்டிலே காணும் குறிகள்

எங்கள் அயலிலே ஒரு வீட்டில் ஜிம்மி என்றொரு நாய் நின்றது. பதினான்கு வயது. அவ்வீட்டுப் பிள்ளைகள் மூவரும் அதனோடு வளர்ந்தவர்கள். முதலிலே அது கதவு திறக்கும் பக்கத்தை விட்டுப் பிணைச்சல் பக்கத்திலே மூக்கை வைத்துக்கொண்டு காத்து நிற்கத் தொடங்கியது. பின்னர் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே புகுந்து, பின்னே வர வழி தெரியாமல் முனகியது. பகலெல்லாம் தூங்கும், இரவு பதினொரு மணிக்கு எழுந்து விறாந்தையிலே மேலும் கீழும் நடக்கும். சீமெந்து நிலத்திலே நகங்கள் படும் ஓசை விடியும்வரை கேட்கும். பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டினுள்ளே ஒரு துளி சிறுநீர் கழித்தறியாத பிராணி, கூடத்தின் நடுவிலே நின்று கழித்தது. வீட்டுக்காரர் பூவரசந் தடியால் அடித்தார். அது ஓடவுமில்லை, உறுமவுமில்லை. ஏன் அடி விழுகிறது என்று விளங்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. சந்தையடியிலே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற பேச்சும் ஒருநாள் எழுந்தது.

ஜிம்மியிடம் கண்டவை யாவும் இந்நோய்க்கு உரியனவாக நூல்களிலே சொல்லப்படும் குறிகளே. அவற்றை வைத்தியர்கள் சில வகைகளாகப் பிரிப்பர். நன்கு பழகிய இடத்திலேயே திசை தடுமாறுதல்; வீட்டாரோடு பழகும் முறை மாறுதல் — முன்பு துள்ளி வரவேற்ற நாய் பாராமுகமாக இருத்தல், அல்லது ஒரு கணமும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு திரிதல்; தூக்கமும் விழிப்பும் இடம் மாறுதல்; மலசலப் பழக்கம் குலைதல்; காரணமின்றி நடந்துகொண்டிருத்தல், அல்லது எதிலும் நாட்டமின்றிக் கிடத்தல்; புதிதாக அச்சமும் பதற்றமும் தோன்றுதல் என்பன அவை. இவற்றுள் ஒன்று ஒருநாள் தோன்றி மறைந்தால் கவலை வேண்டாம். திங்கள் கணக்கிலே நீடித்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து வளர்ந்தால் கருத்திற் கொள்ள வேண்டும்.

மூளையிலே நடப்பது

1906ஆம் ஆண்டிலே அலோயிஸ் அல்சைமர் என்னும் ஜெர்மன் வைத்தியர், மறதியாலும் மனக் குழப்பத்தாலும் வருந்தி மாண்ட ஒரு பெண்ணின் மூளையை நுணுக்குக்காட்டியினாலே ஆராய்ந்து, தாம் கண்டவற்றை வைத்தியர் கூட்டமொன்றிலே எடுத்துரைத்தார். நரம்புக் கலங்களுக்கு இடையே படிவுகளும், கலங்களின் உள்ளே முறுக்குண்ட நார்களும் காணப்பட்டன. அவருடைய பெயராலேயே இன்று அந்நோய் வழங்குகின்றது. அப்படிவுகள் பீற்றா அமிலோயிட் என்னும் புரதத்துண்டினால் ஆனவை என்பது பிற்காலத்தார் கண்டது.

வியப்பு யாதெனின், முதிய நாய்களின் மூளையிலும் இதே படிவுகள் இயல்பாகத் தோன்றுகின்றன. நாயின் பீற்றா அமிலோயிட்டுக்கும் மனிதருடையதற்கும் அமைப்பிலே எள்ளளவும் வேறுபாடில்லை. ஆய்வுகூட எலிகள் முதிர்ந்தாலும் இத்தகைய படிவுகள் அவற்றிலே தாமாகத் தோன்றுவதில்லை. நம்முடன் ஒரே கூரையின்கீழ் வாழும் நாய்க்கே தோன்றுகின்றன. ஆனால் கலங்களினுள்ளே காணும் முறுக்குண்ட நார்கள் நாய்களில் மிக அரிது. ஆகவே இரு நோய்களையும் உடன்பிறப்புக்கள் எனலாம். இரட்டையர் என்றல் பொருந்தாது.

படிவுகள் முதலிலே பற்றுமிடம் மூளையின் முன்பகுதி. ஆண்டுகள் செல்ல அப்பகுதி சுருங்குகின்றது. நினைவைப் பதித்து வைக்கும் பகுதியும் பின்னர் குன்றுகின்றது. முன்மூளையின் தொழில் யாது? ஆசையை அடக்குதல், வேளை பார்த்துச் செயற்படுதல், பழைய வழி பயன்படாதபோது புதிய வழியைத் தேர்தல். வீட்டினுள்ளே சிறுநீர் கழிக்காமல் அடக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுதல் என்பது எவ்வளவு பெரிய அடக்கம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அடக்கத்தைக் காத்து நின்ற கலங்கள் நலியும்போது பழக்கமும் நலிகின்றது. அடித்துத் திருத்துவதற்கு அங்கே குற்றம் எதுவும் இல்லை.

நாய்களுக்கு ஒரு பரீட்சை

இதனை ஒழுங்காக அளந்து காட்டியவர்களுள் கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்து உளவியற் பேராசிரியர் நோர்ட்டன் மில்கிராம் முதன்மையானவர். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த கார்ல் கொட்மன், எலிசபெத் ஹெட் ஆகியோரும் அவரோடு சேர்ந்து 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம் பீகிள் இன நாய்களை ஆராய்ந்தனர்.

பரீட்சை எளியது. நாயின் முன்னே ஒரு தட்டிலே இரண்டு பொருள்கள் வைக்கப்படும். சரியான பொருளை மூக்கினாலே தள்ளினால் அதன்கீழே உணவு இருக்கும். இளைய நாயும் முதிய நாயும் இதனைக் கற்றுக்கொள்ளும். பிறகு விதியைத் தலைகீழாக மாற்றுவர். நேற்றுச் சரியாக இருந்த பொருளின்கீழ் இன்று உணவில்லை, மற்றதன்கீழே இருக்கும். இளைய நாய் சில தவறுகளுக்குப் பின் புதிய விதியைப் பற்றிக்கொள்ளும். முதிய நாய்களுட் பல, உணவு கிடைக்காமற் போகப் போகவும் பழைய பொருளையே நாடி நிற்கும். பழையதை மறத்தல் மட்டுமன்று, பழையதை விட்டு விலக முடியாமையும் இந்நோயின் தன்மை என்பது இங்கே புலனாகின்றது. வீட்டிலே கட்டிலையும் கதிரையையும் இடம் மாற்றி வைத்தால் முதிய நாய் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே.

2005ஆம் ஆண்டிலே வெளிவந்த அவர்களுடைய மற்றோர் ஆய்வு நம்பிக்கை தருவது. 48 முதிய பீகிள் நாய்களை நான்கு பிரிவுகளாக்கி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஒரு பிரிவுக்கு விற்றமின் ஈ, விற்றமின் சீ முதலியவையும் காய்கனிச் சத்துக்களும் சேர்ந்த உணவு. ஒரு பிரிவுக்குக் கூட்டாளி நாய், விளையாட்டுப் பொருள்கள், வாரத்தில் இரண்டு முறை வெளியே நடை, நாள்தோறும் சிறிது பயிற்சி. ஒரு பிரிவுக்கு இவ்விரண்டும். எஞ்சிய பிரிவுக்கு இரண்டுமில்லை. உணவும் பயிற்சியும் சேர்ந்து பெற்ற நாய்களே கற்றலிலே மேம்பட்டு நின்றன. முதிய மூளையும் முற்றாக மூடிய கதவன்று என்பது இதனால் விளங்கும்.

எத்தனை நாய்களுக்கு?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2001ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்விலே, வேறு நோய் எதுவும் காணப்படாத முதிய நாய்களை எடுத்து உசாவினர். 11, 12 வயது நாய்களில் நூற்றுக்கு 28 நாய்களிடம் மேலே கூறிய குறி வகைகளுள் ஒன்றாயினும் காணப்பட்டது. 15, 16 வயது நாய்களிலோ அத்தொகை நூற்றுக்கு 68 ஆக உயர்ந்தது.

இதனிலும் கவனிக்கத்தக்கது அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் 2010ஆம் ஆண்டிலே வெளியிட்ட கணக்கு. அவர்கள் ஆராய்ந்த எட்டு வயதுக்கு மேற்பட்ட நாய்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 14 நாய்கள் நோயுற்றிருக்கக் கூடும் என மதிப்பிட்டனர். ஆனால் வைத்தியரால் நோயென்று கண்டறியப்பட்டவை நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. வைத்திய வசதி மிகுந்த நாட்டிலேயே இந்நிலை. "வயது போனால் அப்படித்தான்" என்னும் வார்த்தை எந்த மொழியிற் சொல்லப்பட்டாலும் அதன் விளைவு ஒன்றுதான்.

அமெரிக்காவிலே நாய்களின் முதுமையை ஆராயும் பெருந் திட்டமொன்று 15,000க்கு மேற்பட்ட நாய்களின் விவரங்களைத் திரட்டி 2022ஆம் ஆண்டிலே ஓர் அறிக்கையை வெளியிட்டது. வயது ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும் நோய்க்கான வாய்ப்பு விகிதம் பாதியளவு கூடுகின்றது. ஓடியாடித் திரியும் நாய்களோடு ஒப்பிடுகையில், சோம்பிக் கிடக்கும் நாய்களிடையே அவ்விகிதம் ஆறு மடங்குக்கு மேலாக இருந்தது. இங்கே மாணவர்கள் ஒன்றை மனத்திருத்த வேண்டும். ஓடாமையால் நோய் வந்ததா, நோய் வந்தமையால் ஓடவில்லையா? இரண்டும் ஒருங்கே காணப்பட்டன என்பதையே அந்தக் கணக்குச் சொல்கிறது; ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லவில்லை. ஆயினும் நடையினால் நாய்க்குப் பொதுவாக நன்மையுண்டு என்பதிலே ஐயமில்லை.

எல்லாம் மறதி நோயன்று

இனி ஓர் எச்சரிக்கை. நாயின் போக்கிலே சடுதியாக மாற்றம் கண்டால் அதனை முதுமையின் மேல் ஏற்றிவிடக் கூடாது. மறதி நோய் மாதக் கணக்கிலே மெதுவாக வளரும். விசர் நோயோ நாட் கணக்கிலே முற்றும். திடீரென வெறிகொண்டு கடித்தல், எச்சில் வடிதல், விழுங்க முடியாமை, குரல் மாறுதல், நடை தள்ளாடுதல் ஆகியவை காணப்படின் பிள்ளைகளை அண்டவிடாமல், நாயையும் கையாலே தொடாமல், உடனே மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். முதிய நாய்க்கும் விசர் நோய்த் தடுப்பூசி தவறாமற் போட வேண்டும்.

விசர் நோயன்றி வேறு நோய்களும் உண்டு. கூப்பிட்டும் வராத நாய்க்குக் காது கேளாதிருக்கலாம். சுவரிலே முட்டும் நாயின் கண்ணிலே வெண்படலம் படர்ந்திருக்கலாம். தொட்டதும் உறுமும் நாய்க்கு மூட்டு வாதமோ பல் வலியோ இருக்கலாம். வீட்டினுள்ளே சிறுநீர் கழிக்கும் நாய்க்கு நீரிழிவு, சிறுநீரக நோய், சிறுநீர்ப் பாதையிலே கிருமித் தொற்று என்பன இருக்கலாம். இவற்றுட் பலவற்றுக்கு மருந்துண்டு. இவையெல்லாம் இல்லையென்று கண்ட பின்னரே வைத்தியர் மறதி நோய் என்ற முடிவுக்கு வருவார். ஆகவே முதலில் செல்ல வேண்டிய இடம் மிருக வைத்தியரிடமே.

செய்யத்தக்கவை

இந்நோயை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. குறிகளைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. மனிதரின் பார்க்கின்சன் நோய்க்கு வழங்கும் செலிஜிலின் என்னும் மருந்தை நாய்களின் இந்நோய்க்கும் பயன்படுத்த 1998ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு அனுமதித்தது. முதிய மூளை சர்க்கரையைப் பயன்படுத்துந் திறனிலே குன்றுவதால், அதற்கு மாற்று எரிபொருளாகத் தேங்காயெண்ணெய் முதலியவற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒருவகைக் கொழுப்பைச் சேர்த்த உணவும் ஆராயப்பட்டு, 2010ஆம் ஆண்டிலே நற்பலன் காட்டியது. அதற்காக நாயின் சோற்றிலே தேங்காயெண்ணெயை ஊற்றிவிட வேண்டாம். பிரித்தெடுத்த கொழுப்பும் எண்ணெயும் ஒன்றல்ல. அளவு மீறிய கொழுப்பு நாயின் கணையத்தைத் தாக்கக் கூடும். மருந்தும் விசேட உணவும் வைத்தியர் சொற்படியே ஆகட்டும். வெங்காயம் சேர்ந்த கறி, திராட்சை, சொக்கிலேற்று, மனிதருக்குரிய வலி மாத்திரைகள் ஆகியவை எந்த வயது நாய்க்கும் ஆகா.

பணச் செலவின்றி வீட்டிலே செய்யக் கூடியவை பல. உணவு, நடை, உறக்கம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரே வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டியையும் படுக்கைச் சாக்கையும் இடம் மாற்றாதீர்கள். இரவிலே விறாந்தையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். உறங்குமுன் ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கிணற்றுக்குக் கட்டில்லையாயின் அதனைச் சுற்றி வேலியடையுங்கள். படலையைச் சாத்தி வையுங்கள். வெயில் தணிந்த பின் சிறிது தூரம் நடத்திச் செல்லுங்கள். ஒரு பிடி உணவை முற்றத்திலே நாலைந்து இடங்களில் வைத்து மோந்து தேடச் செய்யுங்கள். அதுவும் மூளைக்குப் பயிற்சியே. உறங்கும் நாயைத் திடீரெனத் தொடாமல், முதலிலே குரல் கொடுத்து அருகே செல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஜிம்மியின் வீட்டாரும் ஏறத்தாழ இவற்றையே செய்தனர். அவ்வீட்டு மூத்த மகள் பிடிவாதமாக நின்று அதனை வைத்தியரிடம் கொண்டுசென்றாள். சிறுநீரிலே கிருமித் தொற்றும் இருந்தது. அதற்கு மருந்து கொடுக்க, கூடம் நனைவது பாதியாகக் குறைந்தது. மறதி குறையவில்லை. விளக்கு வைத்தபின் இரவு நடை சற்றுத் தணிந்தது. அலுமாரியின் பின்புறத்தைப் பலகையால் அடைத்தனர். தடி கூரைத் தாழ்வாரத்திலே செருகப்பட்டது. இன்னும் ஓராண்டுக்கு மேல் அது அவ்வீட்டிலேயே வாழ்ந்து, விறாந்தையிலே தன் சாக்கின்மேல் உயிர் விட்டது.

நோய் முற்றி, உணவும் உறக்கமும் இன்றி, பிராணி ஓயாத வேதனையோடு உழலும் நிலையும் சில வேளைகளில் வருவதுண்டு. அப்போது என்ன செய்வது என்பதை வைத்தியரோடும் குடும்பத்தாரோடும் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். எப்படியாயினும் சந்தையடியிலும் கோவில் வாசலிலும் கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. தன் வீட்டிலேயே வழி மறந்த நாய்க்குத் தெருவிலே என்ன வழி தெரியும்?

மறதி நோயுற்ற நாய்க்கு நம்முடைய பெயர் தெரியாமற் போகலாம். நமது முகமும் ஒருநாள் மங்கிப் போகலாம். அது செய்த காவலையும் அது நம் பிள்ளைகளோடு ஆடிய ஆட்டத்தையும் மறவாதிருக்க வேண்டியவர்கள் நாமே. வீட்டிலே ஒரு முதிய உயிரை எவ்வாறு நடத்துகிறோம் என்பதைச் சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றியைப் பற்றிய பாடத்தை அவர்கள் புத்தகத்திலே படிப்பது பிறகு. முதலிலே விறாந்தையிற்றான் படிக்கிறார்கள்.